பாதி நாரை

நகராட்சி அனுப்பிய படிவத்தில்
'செயல்பாட்டின் நோக்கம்' என்றொரு கட்டம்.
மார்ச் முதல் நாளின் மரபை
ஐந்து வயதினர் அறிதல், என்று நிரப்பினேன்.
அதுவரை சுலபம்.

டான்யூப் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் ஓடுகிறது.
லோம் நகரின் மூன்றாம் மழலையர் பள்ளியில்
போன வருடம் பத்தொன்பது பேர்,
இந்த வருடம் பதினொன்று.
கம்பளி நூல்: வெள்ளை இரண்டு உருண்டை,
சிவப்பு ஒன்றே கால்.
அந்தக் கால் உருண்டை
என் பழைய கையுறையைப் பிரித்து எடுத்தது.

மார்ச் நமக்கு வெறும் மாதமல்ல, பிள்ளைகளே,
அவள் ஒரு முன்கோபக்காரி.
சிரித்தால் வெயில், முகம் சுளித்தால் பனி.
அவளைச் சமாதானம் செய்யத்தான்
சிவப்பையும் வெள்ளையையும் முறுக்கிக்
கையில் கட்டிக்கொள்கிறோம். மார்த்தெனிட்சா.
"எங்க அம்மா மாதிரி," என்றாள் பிலியானா.
எதைச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை நான்.

ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு
மறு முனையை முறுக்கவேண்டும்.
எமில் முறுக்கியது கயிறானது.
அய்லின் முறுக்கியது சிடுக்கானது.
ஸ்த்ராஷிமிர் நாற்காலியோடு சேர்த்துத்
தன்னையே கட்டிக்கொண்டு
அவிழ்க்கவேண்டாம் என்று அழுதான்.
படிவத்தில் இல்லாத பாடமொன்றும் நடந்தது:
தன் மணிக்கட்டுக்குத் தானே முடிச்சுப் போட வராது.
ஐந்து ஜோடிகள் சேர்ந்தன.
மிஞ்சிய ராத்கோவுக்கு நான் கட்டினேன்,
எனக்கு அவன். ஏழு முடிச்சு.

விதி ஒன்றுதான்.
முதல் செங்கால் நாரையைக் கண்ணால் காணும்வரை
கழற்றக்கூடாது.
கண்டதும் பூத்த மரத்தில் கட்டிவிடலாம்.
"குளிக்கும்போது?" கூடாது.
"காய்ச்சல் வந்தா?" கூடாது.
"நாரையே வரலைன்னா?"
வரும்.
ஜன்னலுக்கு முறைவைத்துக் காவல் போட்டோம்.

மார்ச் ஒன்பதாம் தேதி
காலணியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான் ராத்கோ.
"பார்த்துட்டேன்!"
எங்கே?
"அப்பா ஃபோன்ல."

உவெல்வாவில் ஸ்ட்ராபெரி பறிக்கிறார் அவன் அப்பா.
தோட்டத்தை ஒட்டிய மின்கம்பத்தில்
கூடு கட்டியிருந்த ஒன்றை
நேற்று மாலை வீடியோவில் காட்டியிருக்கிறார்.
அலகைத் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டதாம்.
நடந்து காட்டினான், தட்டிக் காட்டினான்.

கம்பளத்தின்மேல் நீதிமன்றம் கூடியது.
"கண்ணாடிக்குள்ள இருக்கிறது கணக்கில்ல," என்றான் எமில்.
"அப்போ அவங்க அப்பாவும் கணக்கில்லையா?"
கேட்டது அய்லின்.
ரேடியேட்டர் மட்டும் டிக் டிக்கென்றது.

நான் வாயைத் திறப்பதற்குள்
தீர்ப்பைச் சொல்லிவிட்டாள் பிலியானா:
பாதி நாரை பார்த்திருக்கிறான்,
பாதி நூலைக் கழற்றட்டும்.

சிவப்பை மட்டும் பிரித்தெடுக்க
நாலு பேர் தேவைப்பட்டார்கள்,
மொண்ணைக் கத்தரிக்கோல் ஒன்றும்.
வெள்ளை அவன் கையிலேயே நின்றது.
சிவப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்து
அன்றைக்கெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

இருபத்தாறாம் தேதி
சமையலறைப் புகைபோக்கியில் நிஜமாகவே வந்து நின்றது.
உடம்பு வெள்ளை, கால் சிவப்பு.
"அதுவே கட்டிக்கிட்டு வந்திருக்கு!"
ஜாக்கெட் போடாமல் பத்துப் பேர்
பிளம் மரத்துக்குப் பறந்தார்கள்.
சூப் ஆறியது.

ராத்கோ அண்ணாந்தபடி அங்கேயே நின்றான்.
மீதிப் பாதி வந்துவிட்டதே, என்றேன்
வேண்டுமென்றே உற்சாகமாக.
என்னைப் பாவமாகப் பார்த்தான்.
"இது வேற நாரை, டீச்சர்."

படிவத்தின் கடைசிக் கட்டம்:
நோக்கம் நிறைவேறியதா? ஆம் / இல்லை.
நடுவிலிருக்கும் சாய்கோட்டின்மேல்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
மை ஊறிவிட்டது. அப்படியே அனுப்பினேன்.

பிளம் பூவெல்லாம் உதிர்ந்து
பச்சைப் பிஞ்சு விட்டிருக்கிறது.
அவன் மணிக்கட்டில் வெள்ளை,
சூப்பும் க்ரேயானும் மணலும் ஏறி
இப்போது ஆற்றின் நிறம்.
ஸ்ட்ராபெரிப் பருவம் எப்போது முடியும் என்று
விசாரித்து வைத்திருக்கிறேன்.
ஜூன் என்கிறார்கள்.